நான்கு ஆண்டு சாப்பிட்ட தைராய்டு மாத்திரையால் வந்த ரத்தக்குழாய் அழற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

34 வயதுப் பெண். மூன்று மாதமாக மூட்டுவலி, களைப்பு, மாலை வேளையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய காய்ச்சல். எடை 56 கிலோவிலிருந்து 52 ஆகக் குறைந்திருந்தது. கடைசி இரண்டு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், இடது கண்ணில் சிவப்பு, வறட்டு இருமல். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய இரண்டு நாளும் சளியில் ரத்தம்.

பழைய நோய் என்று ஒன்றுதான்: ஐந்து ஆண்டுக்கு முன் கண்டறியப்பட்ட கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது. முதல் ஓராண்டு கார்பிமசோல் சாப்பிட்டார். கர்ப்பம் தரிக்க விரும்பியபோது புரொப்பைல்தையோயுராசிலுக்கு (இனி பி.டி.யூ.) மாற்றப்பட்டார். அந்த மாற்றம் முற்றிலும் சரி. கார்பிமசோல் உடலில் மெத்திமசோலாக மாறி, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் சிசுவின் உச்சந்தலைத் தோல், மூக்கின் பின்வாசல் போன்ற உறுப்புகளில் பிறவிக் குறைகளை உண்டாக்கக்கூடும். அதனால் அந்தக் காலத்துக்கு பி.டி.யூ.வே தேர்வு. குழந்தை நலமாகப் பிறந்தது, இப்போது மூன்று வயதை நெருங்குகிறது, தாய்ப்பால் நிறுத்தி ஓராண்டுக்கு மேலாகிறது. மருந்து மட்டும் மாறவில்லை. 100 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கியது 50 மி.கி. இரண்டு வேளையாகக் குறைந்து, நான்கு ஆண்டாக ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் காரணத்துக்காக அந்த மருந்து வந்ததோ அந்தக் காரணம் முடிந்துபோனதை எந்தச் சீட்டும் கவனிக்கவில்லை.

(இது ஒரு தனி நபரின் கதை அல்ல. இந்த நோய் வழக்கமாக எப்படி வருகிறது, எங்கெங்கே கைநழுவுகிறது என்பதை ஓர் உடலில் வைத்துக் காட்டும் பாட நிகழ்வு. எண்களும் அந்தப் போக்குக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை.)

மூன்று மாதத்தில் நழுவிய மூன்று வாய்ப்புகள்

முதலில் மூட்டுவலி. மணிக்கட்டும் கணுக்காலும் வலித்தன, வீக்கம் அதிகமில்லை. மூட்டுவாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு காரணி லேசாக நேர்மறை. டைக்ளோஃபெனாக் என்னும் வலிமாத்திரை 50 மி.கி. இரண்டு வேளை, மூன்று வாரத்துக்குத் தரப்பட்டது. தைராய்டு பரிசோதனை இயல்பு. அந்த இயல்பான அறிக்கையே ஒரு துப்பு. ஹார்மோன் அளவு சரியாக இருக்கும்போது எடை குறைவதற்கும் காய்ச்சலுக்கும் தைராய்டைக் காரணம் சொல்ல முடியாது. வேறு காரணம் தேடியாக வேண்டும். நடைமுறையில் நடப்பது நேர்மாறு. ‘தைராய்டு நோயாளி, எடை குறைகிறது’ என்ற வாக்கியத்தோடு யோசனை நின்றுவிடுகிறது.

அடுத்தது சிறுநீர். சேர்வதற்கு ஐந்து வாரம் முன் எடுத்த பரிசோதனையில் சிவப்பணுக்கள் 15 முதல் 20, புரதம் ஒரு பிளஸ். எரிச்சலோ அடிக்கடி போவதோ இல்லை; வெள்ளணுக்கள் 4 முதல் 5 மட்டுமே. ஆனாலும் சிறுநீர்த் தொற்று என்று ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் தரப்பட்டது. கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், எதுவும் வளரவில்லை. வளராத கல்ச்சரோடு சிவப்பணுவும் புரதமும் சேர்ந்து நின்றால் சிறுநீரக வடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டும். மாதவிடாய் நாளா என்று கேட்டு, இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இங்கே மறுபடி பார்க்கவில்லை.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது. அதே நாளில் எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும்) 1.1 மி.கி./டெ.லி. ஆய்வகத்தின் இயல்பு எல்லைக்குள் இருந்ததால் அறிக்கையில் தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. கர்ப்ப காலத்துக்குப் பின் எடுத்த பழைய அளவோ 0.7. வயதையும் பாலினத்தையும் வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிட்டால் 0.7 என்பது நிமிடத்துக்குச் சுமார் 116 மி.லி.; 1.1 என்பது சுமார் 68. ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, அறிக்கை ‘நார்மல்’ என்றது. கிரியேட்டினினை ஆய்வகத்தின் எல்லையோடு மட்டும் ஒப்பிடுவது போதாது, அதே நோயாளியின் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒல்லியான பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தசை குறைவு என்பதால் எண் ஏறுவதற்குள் சிறுநீரகம் நிறையவே இழந்திருக்கும்.

சேர்த்த அன்று

இரத்த அழுத்தம் 146/92. நாடித்துடிப்பு 104. ஆக்சிஜன் செறிவு அறைக்காற்றில் 93 சதவீதம். இரு கால்களிலும் 2 முதல் 5 மி.மீ. அளவில் புள்ளிகள், விரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தியபோது நிறம் மாறவில்லை. அழுத்தினால் வெளிறும் சிவப்பு என்பது குழாய் விரிந்திருப்பதன் அடையாளம். வெளிறாத சிவப்பு ரத்தம் குழாயை விட்டு வெளியேறிவிட்டதைக் காட்டுகிறது. மேடும் சேர்ந்தால் குழாய்ச் சுவரில் அழற்சி. தட்டணுக் குறைவால் வரும் புள்ளிகள் தட்டையாக இருக்கும். இவருக்குத் தட்டணு 4,12,000.

ஹீமோகுளோபின் 8.1, இரண்டு மாதத்துக்கு முன் 11.8. வெள்ளணு 9,800. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 96, சி.ஆர்.பி. 58 மி.கி./லி. கிரியேட்டினின் 2.3, வடிகட்டும் திறன் சுமார் 28. சிறுநீரில் புரத-கிரியேட்டினின் விகிதம் 1.6. சளியில் வந்த ரத்தம் சில தேக்கரண்டிதான், ஆனால் ஹீமோகுளோபின் 3.7 கிராம் இறங்கியிருந்தது. நுரையீரலின் காற்றறைகளுக்குள் கசியும் ரத்தத்தில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். வெளியே துப்பும் அளவை வைத்து ஆபத்தை எடைபோடக் கூடாது. ரத்தமே துப்பாமல் மூச்சுத்திணறலும் ரத்தசோகையும் மட்டும் வருபவர்களும் உண்டு.

நெஞ்சு சி.டி. எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தவில்லை. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறுகிறது. இரண்டாவது பலருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது: கான்ட்ராஸ்டில் இருப்பது அயோடின். கிரேவ்ஸ் நோயாளிக்கு அது தைராய்டைக் கிளறலாம். அதோடு, பின்னால் கதிரியக்க அயோடின் தர வேண்டியிருந்தால் சுரப்பி அதை உறிஞ்சாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போக வேண்டிவரும். சி.டி.யில் இரு நுரையீரலின் நடு, கீழ்ப் பகுதிகளில் பனிமூட்டம் போன்ற நிழல்கள். நுரையீரலின் வெளி ஓரம் தப்பியிருந்தது.

பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியை விட்டுப் பார்ப்பது) செய்து ஒரே கிளையில் மூன்று முறை 50 மி.லி. உப்புநீர் விட்டு உறிஞ்சப்பட்டது. முதல் குழாயில் வெளிர் ரோஜா நிறம், இரண்டாவதில் சிவப்பு, மூன்றாவதில் அடர் சிவப்பு. மூச்சுக்குழாயில் எங்கோ கீறி ரத்தம் வந்திருந்தால் கழுவக் கழுவ வெளுத்திருக்கும். கழுவக் கழுவச் சிவந்தால் ரத்தம் காற்றறைகளிலிருந்து வருகிறது. அந்த நீரில் காசநோய்ப் பரிசோதனையும் கல்ச்சரும் செய்து இரண்டும் எதிர்மறை என்று உறுதிசெய்யப்பட்டது. ரத்தம் துப்பும் நோயாளிக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அதே சமயம், ஆக்சிஜன் வேகமாக இறங்கினால் கல்ச்சர் முடிவுக்காக ஸ்டீராய்டை நிறுத்திவைக்கவும் கூடாது.

ஒரு துளி சிறுநீர்

இந்த நிகழ்வில் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது விலை கூடிய பரிசோதனை எதுவும் இல்லை. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்த சிறுநீர். காலையில் பிடித்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். 10 மி.லி. எடுத்து நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, அடியில் மிஞ்சும் அரை மி.லி.யை மெதுவாகக் கலக்கி ஒரு துளி வைக்கலாம். ஒளியைக் குறைத்து, நுண்ணோக்கியின் கண்டென்சரைக் கீழே இறக்கினால்தான் வார்ப்புகள் (சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் உறைந்து அதன் அச்சாக வெளிவரும் உருளைகள்) கண்ணுக்குத் தெரியும். முழு வெளிச்சத்தில் அவை கரைந்து மறைந்ததுபோல் ஆகிவிடும்.

சிறுநீர்ப்பையிலிருந்தோ கல்லாலோ வரும் சிவப்பணு வட்டமாக, ஒரே அளவில் இருக்கும். வடிகட்டியின் கிழிசல் வழியே நசுங்கி வரும் அணு உருக்குலைந்திருக்கும். வளையம் போன்ற உடலில் ஒன்றிரண்டு சிறு குமிழ்கள் புடைத்து நிற்கும் வடிவம்தான் தனி அடையாளம். அப்படிப்பட்டவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தாலே வடிகட்டி அழற்சியை வலுவாகச் சந்தேகிக்கலாம். இவருக்கு நூற்றுக்கு இருபதை ஒட்டி இருந்தன. இரண்டு சிவப்பணு வார்ப்புகளும் தெரிந்தன. தானியங்கி எந்திரம் ‘சிவப்பணு 40-50’ என்று எண்ணிக்கையை மட்டும் அச்சடித்திருந்தது. எண்ணிக்கை நோயின் இடத்தைச் சொல்லாது, வடிவம் சொல்லும். மாதிரி நான்கைந்து மணி நேரம் மேசையில் கிடந்தால் வார்ப்புகள் சிதைந்துவிடும், அணுக்களும் தாமாகவே உருமாறும். அப்போது இல்லாத நோயையும் காணலாம், இருக்கும் நோயையும் தவறவிடலாம்.

ஆன்கா அறிக்கையைப் படித்த விதம்

நுரையீரலும் சிறுநீரகமும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டால் பட்டியல் சிறியது: ஆன்கா (நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவின் புரதங்களுக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிரணு, அதாவது ஆன்டிபாடி) சார்ந்த ரத்தக்குழாய் அழற்சி, வடிகட்டியின் அடிச்சவ்வுக்கு எதிரான எதிரணு நோய், லூபஸ் (எதிர்ப்பாற்றல் சொந்த உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் நோய்), இதயவால்வுத் தொற்று, லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்). அடிச்சவ்வு எதிரணு எதிர்மறை. லூபஸுக்காகப் பார்க்கும் இரட்டை இழை டி.என்.ஏ. எதிரணு எதிர்மறை, சி3, சி4 என்னும் எதிர்ப்பாற்றல் புரதங்கள் இயல்பு. மூன்று ரத்தக் கல்ச்சரிலும் வளர்ச்சி இல்லை, எக்கோவில் வால்வில் படிவு இல்லை. வால்வுத் தொற்றை இவ்வளவு மெனக்கெட்டு விலக்குவதற்குக் காரணம், அதுவும் ஆன்காவை நேர்மறையாக்கும், வடிகட்டி அழற்சியையும் தரும். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எதிர்மறை.

ஆன்கா பி-வகை, வலுவான நேர்மறை. நியூட்ரோஃபிலின் நொதியான மையலோபெராக்சிடேஸுக்கு எதிரான அளவு 200 அலகுக்கு மேல், அந்த ஆய்வகத்தின் எல்லை 20. கூடவே அதன் இன்னொரு நொதியான புரோட்டினேஸ்-3க்கு எதிரானதும் லேசாக நேர்மறை, செல்லின் உட்கருவுக்கு எதிரான ஏ.என்.ஏ. 1:160, ஹிஸ்டோன் எதிரணு நேர்மறை.

இந்தக் கலவைதான் பேசுகிறது. மருந்தின் தொடர்பு இல்லாமல் தானாக வரும் ஆன்கா நோயில் பெரும்பாலும் மையலோபெராக்சிடேஸ், புரோட்டினேஸ்-3 இரண்டில் ஒன்றுதான் நேர்மறையாகும். மருந்தால் வருவதில் இரண்டும் சேர்ந்து வரலாம்; எலாஸ்டேஸ், லாக்டோஃபெரின், கேதெப்சின்-ஜி என்று நியூட்ரோஃபிலின் பல புரதங்களுக்கும் எதிரணு இருக்கலாம்; ஹிஸ்டோன், கார்டியோலிப்பின் எதிரணுக்களும் கூட்டத்தில் சேரும். மையலோபெராக்சிடேஸ் அளவும் வழக்கத்தைவிட மிக உயரமாக நிற்கும். அதனால், அளவு மீறிய மையலோபெராக்சிடேஸும் ஒட்டாத எதிரணுக்களும் ஒரே அறிக்கையில் தெரிந்தால் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்ல வேண்டும்.

கொட்டும்போது தேட வேண்டிய பெயர்கள்: பி.டி.யூ., மெத்திமசோல், கார்பிமசோல். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின். முகப்பருவுக்கு மாதக்கணக்கில் தரப்படும் மினோசைக்ளின். பெனிசிலமைன், சல்ஃபாசலசின், அல்லோபுரினால். மூட்டு, குடல் நோய்களுக்கான டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள். கோகெய்ன் பயன்படுத்துவோரிடம் அதில் கலப்படமாகச் சேரும் லெவாமிசோல். அதில் காதுமடலில் கறுத்த திட்டுகளும் நியூட்ரோஃபில் குறைவும் சேர்ந்து வருவது தனி அடையாளம். ஹைட்ரலசின் நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் நீண்டகாலம் போனாலும், மருந்தை மெதுவாகச் சிதைக்கும் மரபணு உடையவர்களிடமும் வாய்ப்பு கூடும். அதில் சி3, சி4 குறைந்து லூபஸ் போலவே தோன்றுவதால் சிகிச்சை தடம் மாறுவது உண்டு.

பயாப்சி

காலில் 24 மணி நேரத்துக்குள் தோன்றிய புதிய புள்ளியிலிருந்து 4 மி.மீ. பஞ்ச் கொண்டு இரண்டு துண்டுகள் எடுக்கப்பட்டன. ஒன்று ஃபார்மலினில், மற்றது எதிரணுப் படிவு பார்ப்பதற்கு மைக்கேல் கரைசலில். இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் இரண்டாவது பரிசோதனை வீண். மூன்று நான்கு நாளான புள்ளியில் எடுத்தால் நியூட்ரோஃபில்கள் போய் லிம்போசைட்டுகள் வந்திருக்கும். அறிக்கை மழுப்பலாக வரும். இவரது தோலில் சிறு குழாய்களின் சுவரில் உடைந்த நியூட்ரோஃபில் தூசும் ஃபைப்ரின் படிவும் தெரிந்தன.

சிறுநீரக பயாப்சிக்கு முன் ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இறக்கப்பட்டது, டைக்ளோஃபெனாக் நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. கிடைத்தவை 22 வடிகட்டிகள். ஏழில் செல்கள் நிறைந்த பிறை வடிவம், இரண்டில் பாதி நாராகிய பிறை, மூன்று முழுதும் தழும்பாகிப்போனவை, மீதிப் பத்து இயல்பு. எதிரணுப் படிவு ஏறக்குறைய இல்லை. பிறை செல்களாக இருக்கும்வரை சிகிச்சைக்கு மசியும், நாராகிவிட்டால் திரும்பாது. வலிமாத்திரையால் வரும் இடைத்திசு அழற்சிக்கான அடையாளம் இதில் இல்லை. ஆனால் அந்த மூன்று வார டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு நல்லது செய்யவில்லை என்பது நிச்சயம்.

மாத்திரை ஏன் நான்கு ஆண்டு கழித்து இதைச் செய்கிறது

மருந்து ஒவ்வாமை என்றதும் நம் மனம் முதல் சில வாரத்தைத்தான் தேடுகிறது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் தோல் ரத்தக்குழாய் அழற்சி அப்படித்தான், தொடங்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில் வரும், நிறுத்தினால் போகும். ஆகவே நான்கு ஆண்டு ‘ஒத்துப்போன’ மாத்திரை விசாரணையிலிருந்து முதலிலேயே விடுவிக்கப்படுகிறது. இந்த நோயில் அது தலைகீழ். சில வாரத்தில் வந்தவர்களும் உண்டு, பத்தாண்டு கழித்து வந்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்கள். நீண்டகாலம் ஒத்துக்கொண்டது என்பது இங்கே குற்றமின்மைக்குச் சான்றே ஆகாது.

பி.டி.யூ. தைராய்டில் வேலை செய்வது தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுத்து. நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் மையலோபெராக்சிடேஸ் அதே நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே மருந்து அங்கேயும் போய் ஒட்டுகிறது. நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்து வீரியமான துணைப்பொருள்களாக்குகிறது. நொதியின் வடிவமே மாறுகிறது. கிருமியைப் பிடிக்க நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வை வலையாக வீசும். பி.டி.யூ. இருக்கும்போது அந்த வலை ஒழுங்கற்று உருவாகி, அதை அரித்து அப்புறப்படுத்தும் டி.என்.ஏஸ் நொதிக்கு மசிவதில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. எலிகளில் இதே வழியில் மையலோபெராக்சிடேஸ் எதிரணுவும் உருவானது. வலையில் சிக்கிய புரதங்கள் நாள்கணக்கில் எதிர்ப்பாற்றல் அமைப்பின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. எதிரணு ஒன்றாக இல்லாமல் பலவாக வருவதற்கு இது பொருத்தமான விளக்கம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பி.டி.யூ. சாப்பிடுபவர்களில் கணிசமானோருக்கு ஆன்கா நேர்மறையாகும். அவர்களில் சிறு பகுதியினருக்கே நோய் வரும். ஆகவே எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஆன்கா பார்த்து, நேர்மறை என்றதும் பதறுவதில் பயனில்லை. அதைவிட மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்க் குச்சிப் பரிசோதனையும் ஆண்டுக்கு இருமுறை கிரியேட்டினினும் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. காய்ச்சல், மூட்டுவலி, புள்ளி, கண் சிவப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அப்போது ஆன்கா பார்க்க வேண்டும்.

மருந்துதான் காரணமா என்பதை, அதற்கென உள்ள நரன்ஜோ என்னும் கேள்விப்பட்டியல் மதிப்பெண்ணில் கணக்கிட்டபோது 6 வந்தது: முன்பே பதிவான விளைவு 1, மருந்துக்குப் பின் தோன்றியது 2, மற்ற காரணங்கள் விலக்கப்பட்டது 2, புறச்சான்று 1. மருந்தை நிறுத்தியதும் குறைந்ததற்கு உரிய 1 மதிப்பெண் தரப்படவில்லை. நிறுத்திய நாளிலேயே ஸ்டீராய்டும் தொடங்கியதால் எதனால் குறைந்தது என்று பிரிக்க முடியாது. 5 முதல் 8 வரை ‘அநேகமாக’ என்ற வகை. மறுபடி கொடுத்துப் பார்த்து உறுதிசெய்வது இந்த நோயில் நினைத்தும் பார்க்கக் கூடாதது.

சிகிச்சை

முதல் நாளே பி.டி.யூ. நிறுத்தப்பட்டது. தோலும் மூட்டும் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நிறுத்துவதே போதுமானதாக இருக்கலாம், ஓரிரு வாரத்தில் புள்ளிகள் மங்கும். நுரையீரலில் ரத்தமும் சிறுநீரகத்தில் பிறையும் இருக்கும்போது நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் சிறுநீரகம் மிஞ்சாது.

ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசொலோன் 500 மி.கி. மூன்று நாள் ரத்தநாளம் வழியே. பிறகு பிரெட்னிசொலோன் மாத்திரை, 50 முதல் 75 கிலோ எடைக்கான குறைக்கப்பட்ட அட்டவணைப்படி: முதல் வாரம் 60 மி.கி., இரண்டாவது வாரம் 30, மூன்று-நான்கில் 25, ஐந்து-ஆறில் 20, ஏழு-எட்டில் 15, ஒன்பது-பத்தில் 12.5, பதினொன்று-பன்னிரண்டில் 10, அடுத்த இரண்டு வாரம் 7.5, பின்பு 5. இரண்டாவது வாரத்திலேயே பாதியாகக் குறைப்பது பழைய வழக்கத்தில் பழகியவர்களுக்குப் பயமாக இருக்கும். 2020இல் வெளியான பெக்சிவாஸ் ஆய்வு, இந்த வேகமான குறைப்பு பழைய அட்டவணைக்குச் சளைத்ததில்லை, கடும் தொற்றுகளும் குறைவு என்று காட்டியது. அதே ஆய்வு, பிளாஸ்மா மாற்றம் (எதிரணு உள்ள ரத்த நீரை எடுத்துவிட்டு வேறு திரவம் செலுத்துவது) மரணத்தையோ நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பையோ மொத்தத்தில் குறைக்கவில்லை என்றும் காட்டியது. கிரியேட்டினின் 3.4ஐத் தாண்டினாலோ, நுரையீரல் ரத்தக்கசிவில் ஆக்சிஜன் தாங்காமல் போனாலோ அதை யோசிக்கலாம். இவருக்கு உச்ச கிரியேட்டினின் ஐந்தாம் நாளில் 2.9, மூக்குக்குழாய் ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது, செய்யவில்லை.

கூட்டு மருந்தாக, எதிரணுவை உண்டாக்கும் பி-செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப், சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒன்றாக நான்கு முறை. உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர் என்பதால் ஒவ்வொரு முறையும் 560 மி.கி. சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சரியான மருந்தே. ஆனால் 34 வயதுப் பெண்ணின் சினைப்பையை அது பாதிக்கும் என்பது தேர்வைத் தீர்மானித்தது. ரிட்டுக்சிமாபுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜெனோடு உட்கரு எதிரணுவும் பார்க்க வேண்டும். பழைய தொற்று விழித்துக்கொண்டால் கல்லீரல் போய்விடும். நிமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்க கோ-ட்ரைமாக்சசோல் 80/400 மி.கி., சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்ப ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த மாத்திரை பொட்டாசியத்தை உயர்த்தும். கிரியேட்டினினையும் நோய் கூடாமலே சற்று ஏற்றிக் காட்டும். அதைப் பார்த்து நோய் திரும்பியதாக எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டும் தவறு நடப்பதுண்டு; சிறுநீர் படிவைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

நான்காம் நாள் சளியில் ரத்தம் நின்றது. ஒன்பதாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் 97 சதவீதம்.

தைராய்டை என்ன செய்வது

நுரையீரலும் சிறுநீரகமும் கவனத்தை இழுத்துக்கொள்ளும்போது மறந்துபோவது இதுதான். மாத்திரையை நிறுத்தினோம், கிரேவ்ஸ் நோய் நிற்கவில்லை. சுரப்பியைத் தூண்டி கிரேவ்ஸை உண்டாக்கும் தைராய்டு ஏற்பி எதிரணு லிட்டருக்கு 6.2 அலகு, எல்லை 1.75. சில வாரத்தில் ஹார்மோன் ஏறும் என்பது முதல் நாளே தெரிந்ததுதான்.

பி.டி.யூ. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கார்பிமசோலுக்கு மாற்றுவதுதான் கைக்கு வரும் முதல் யோசனை. இந்த நோயில் அது கூடாது. இரண்டும் ஒரே வேதியியல் குடும்பம். குறைவாகவே என்றாலும் மெத்திமசோலும் இதே அழற்சியைத் தரும், மாற்றியபின் நோய் திரும்பிய பதிவுகளும் உண்டு. இடைக்காலத்துக்கு, படபடப்பை அடக்கும் ப்ரொப்ரனோலோல் 20 மி.கி. மூன்று வேளை, கொலெஸ்டைரமின் 4 கிராம் மூன்று வேளை. கொலெஸ்டைரமின் குடலில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வெளியேற்றும்; கூட வரும் மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். பிரெட்னிசொலோன் உட்பட எல்லாவற்றையும் அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். அட்டவணையை நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்காவிட்டால் ஸ்டீராய்டு பாதிதான் உடலில் சேரும். உயர் அளவு ஸ்டீராய்டும் டி4, டி3 ஆக மாறுவதைத் தடுப்பதால் முதல் இரண்டு வாரம் தைராய்டு அடங்கியே இருந்தது.

நான்காம் வாரம் டி.எஸ்.எச். 0.02, தனி டி4 2.6, எல்லை 1.8; அதாவது தைராய்டு மறுபடி மீறிச் சுரந்தது. ஆறாம் வாரம் கதிரியக்க அயோடின் 12 மில்லிக்யூரி தரப்பட்டது. முதல் நாள் சி.டி.யில் கான்ட்ராஸ்ட் தவிர்த்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது. கர்ப்பப் பரிசோதனை எதிர்மறை, கண்ணில் கிரேவ்ஸ் பாதிப்பு இல்லை. சிறுநீரகம் குறைவாக வேலை செய்யும்போது அயோடின் உடலில் கூடுதல் நாள் தங்கும் என்பதால் சிறு குழந்தையிடமிருந்து விலகி இருக்க வேண்டிய நாள்கள் வழக்கத்தைவிட நீட்டித்துச் சொல்லப்பட்டன. கழுத்துக் கட்டி பெரிதாகவோ கண் நோய் தீவிரமாகவோ இருந்திருந்தால் அறுவையே வழி. நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆறு வாரமே ஆன, எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலுக்கு மயக்க மருந்து தருவதைத் தள்ளிப்போட முடிந்தது. அயோடின் கொடுத்த பதினான்காம் வாரம் தைராய்டு குறைநிலை வந்தது. லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் தொடங்கப்பட்டது.

பின்தொடர்தல்

கிரியேட்டினின் நான்காம் வாரம் 1.9, மூன்றாம் மாதம் 1.4, ஓராண்டில் 1.3, அதாவது வடிகட்டும் திறன் சுமார் 55. 0.7க்குத் திரும்பவில்லை, திரும்பவும் போவதில்லை. தழும்பான வடிகட்டிகள் போனவைதான். புரத விகிதம் 1.6இலிருந்து 0.3. சிவப்பணுக்கள் எட்டு மாதம் வரை சில தெரிந்துகொண்டிருந்தன. புரதமும் கிரியேட்டினினும் இறங்கும்போது தனியாக மிஞ்சும் சிவப்பணு பழைய காயத்தின் மிச்சமாக இருக்கலாம். அதற்காகச் சிகிச்சையைக் கூட்டவில்லை.

பிரெட்னிசொலோன் ஆறாம் மாத முடிவில் நிறுத்தப்பட்டது. ரிட்டுக்சிமாப் மறுசுற்று தரவில்லை. தானாக வரும் ஆன்கா நோயில் ஒன்றரை இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பராமரிப்பு மருந்து தருவது வழக்கம். மருந்தால் வந்ததில், அந்த மருந்து திரும்ப உள்ளே போகாதவரை நோய் திரும்புவது அரிது. மையலோபெராக்சிடேஸ் எதிரணு 18ஆம் மாதத்தில் 38, இன்னும் நேர்மறைதான். எதிரணு ஆண்டுக்கணக்கில் மிஞ்சி நிற்கலாம். எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை, சிறுநீரைப் பார்த்து முடிவெடுப்பது.

மருத்துவ ஆவணத்தின் முதல் பக்கத்தில் ‘தைராய்டு மருந்து அலர்ஜி’ என்று பொதுவாக எழுதாமல், பி.டி.யூ., கார்பிமசோல், மெத்திமசோல் மூன்றின் பெயரும் விளைவும் முழுதாக எழுதப்பட்டன. மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கும் படிவம் போனது.

இவர் மறுபடி கர்ப்பம் தரிக்க விரும்புகிறார். கதிரியக்க அயோடினுக்குப் பின் ஆறு மாதமும் ரிட்டுக்சிமாபுக்குப் பின் ஓராண்டும் கடந்துவிட்டன. புரதத்துக்காகத் தரும் ரமிப்ரிலைக் கர்ப்பம் உறுதியாகும் முன்பே மாற்ற வேண்டும். மீதமிருக்கும் ஆபத்து ஏற்பி எதிரணு. தாயின் தைராய்டு அழிந்த பிறகும் அது ரத்தத்தில் நீடித்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் தைராய்டைத் தூண்டலாம். வழக்கமாக அப்போது தாய்க்கு பி.டி.யூ.வோ மெத்திமசோலோ கொடுத்துச் சிசுவைக் காப்பார்கள். இவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால் ஏற்பி எதிரணு எல்லைக்கு அருகே இறங்கும்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது, தரித்ததும் முதல் மூன்று மாதத்திலும் 18 முதல் 22 வாரத்துக்குள்ளும் அதை மறுபடி அளப்பது, சிசுவின் இதயத்துடிப்பு 160க்கு மேல் நீடிக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பது என்று இப்போதே திட்டம் எழுதப்பட்டிருக்கிறது.